கைபடாத நேரம்

யாழ்ப்பாணத்து அரியாலையில் அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசல் படலையில் ‘தையல் வகுப்பு’ என்று எழுதிய தகரம் ஒன்று தொங்கும். முன்னறையில் உண்மையாகவே தையல் மெசின்கள் உண்டு. பின்னறையில் பெண்கள் வந்து இருந்து, வேறெங்கும் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வருகிறவர்கள் கையில் ஒரு துணிப்பை இருக்கும். பைக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒழுங்கையில் யாராவது “எங்கை போட்டு வாறியள்?” என்று கேட்டால் காட்டுவதற்கு அது போதும்.

வீட்டை நடத்தியவர் யோசப்பின், ஓய்வுபெற்ற தாதி. அவரிடம் வேலை செய்த பெண்கள், கேட்டதை மடிக்கணினியில் குறித்து வைப்பார்கள். ஒருத்தி தன் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். படம் பார்க்கவென்று அவளுடைய மச்சான் அதைத் திறந்தான். தென்மராட்சியில் ஒரு பெண் தன் வீட்டைப் பற்றிச் சொன்னதை அடுத்த திருவிழாவுக்குள் அவளுடைய கிராமம் முழுவதும் வரி பிசகாமல் அறிந்திருந்தது. அந்தப் பெண் பிறகு அந்த ஊரில் இல்லை.

அதற்குப் பிறகுதான் செபநாயகத்தைக் கூப்பிட்டார்கள்.

நல்லூரில், ரியூசன் சென்டர்களுக்கு இடையில், கணினி திருத்தும் சிறிய கடை ஒன்று அவருடையது. அறுபதை நெருங்கிய, மெலிந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பார். பாட்டுக்கு எழும்புவார், பாடமாட்டார். அவருடைய மகன் ஜெபசீலன் படகுகள் அவுஸ்திரேலியாவுக்குப் போன காலத்தில் போனவன். படகு புறப்பட்டது என்று ஒரு தொலைபேசி வந்தது. அதன் பிறகு வேறு ஒன்றும் வரவில்லை. போகட்டும் என்று சொன்னவர் செபநாயகம். மனைவி பொன்மலர் அன்று ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைத்ததில்லை.

யோசப்பின் அவரை முன்னறையில் இருத்தி விஷயத்தைச் சொன்னார்.

“தம்பி, இஞ்சை சொல்லுறது ஒரு சொல்லும் வெளியிலை போகப்படாது. அதுக்கு என்ன செய்யலாம்?”

“எழுதாமல் விடலாம்.”

“உந்தப் பகிடியை உங்கடை கடையிலை வைச்சுக்கொள்ளுங்கோ.”

“பகிடியில்லை அக்கா. அதுதான் நல்ல பூட்டு. அதுக்கு அடுத்தது எண்டால் நான் செய்து தாறன்.”

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை அவர் நம்புவதில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று திறந்து பார்க்க முடியாத பூட்டை எப்படி நம்புவது என்பார். கடையில் கிடந்த கணினி ஒன்றைத் துடைத்து அதில் லினக்ஸ் ஏற்றினார். அந்த வீட்டின் சாமான் அறையில், முன்பு அரிசி மூட்டை இருந்த மூலையில் அதை வைத்தார். இனி அதுதான் சேர்வர். மின்வெட்டுக்காகக் கீழே ஒரு பற்றரி. தூரத்திலிருந்து திரையைத் திறந்துவிடுகிற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டார். இனி மடிக்கணினிகள் வெறும் கண்ணாடிகள். எழுதுவது இங்கே தெரியும். எழுத்து இருப்பது அங்கே, அந்த மூலையில். மடிக்கணினியைக் களவெடுத்துப் போகிறவனுக்கு ஒரு சொல்லும் கிடைக்காது.

பிறகு ஒவ்வொன்றாக மூடினார். உள்ளே நுழைந்தால் எழுதும் பக்கம் ஒன்று மட்டும் திரை நிறைய வரும். வேறு பட்டியல் இல்லை, படங்கள் இல்லை, இணையம் இல்லை. எழுதியதைப் பிரதி எடுத்து வெளியே ஒட்ட முடியாது. பென் டிரைவ் செருகினால் சேர்வர் அதைக் கண்டுகொள்ளாது. அச்சிட முடியாது. வெளியேறியதும் அந்த ஆளின் இருக்கை, அதாவது அவர் திறந்து எழுதிய திரை, முழுவதும் அழிந்து, அடுத்த முறை புதிதாக வரும். சேமித்த குறிப்பு மட்டும் ஒரு இலக்கத்தின் கீழ், பூட்டிய பெட்டகத்துக்குள் போகும். அந்தப் பெட்டகத்தின் சாவி யோசப்பினிடம். இலக்கத்துக்கு உரிய பெயரும் அவரிடம்தான்.

எல்லாம் முடிந்தபின் ஒரு கிழமை முழுவதும் தானே கள்ளனாக இருந்து பார்த்தார். ‘சேமி’ என்று அழுத்தும்போது திறக்கிற சின்னப் பெட்டி வழியாக சேர்வரின் மற்றக் கோப்புறைகளுக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தபோது, தேநீரையும் குடிக்காமல் எழுந்து போய் அதையும் அடைத்தார்.

அங்கே நீண்ட காலம் வேலை செய்தவள் நிமலினி. நாற்பது வயதிருக்கும், பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். புதிய திரையை ஒருநாள் பாவித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அண்ணை, நல்லா ஒரு ஜெயில் கட்டியிருக்கிறியள்.”

“ஜெயிலிலை இருந்து ஆக்கள் ஒருநாளைக்கு வெளியாலை வருவினம் பிள்ளை.”

கடைசியாக ஒரு விஷயம் மிஞ்சியது. பெண்கள் திரையைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்கள், படலையைத் திறக்கப் போனார்கள். வருகிறவர் எட்டிப் பார்த்தால் முதல் வந்தவரின் கதை தெரியும். அதனால் விசையும் மவுசும் பத்து நிமிடம் தொடப்படாவிட்டால், ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு சேர்வர் தானே மூடி, இருக்கையை அழித்துவிடும். யோசப்பினுக்கு விளங்கப்படுத்துவதற்காக அதற்கு ‘கைபடாத நேரம்’ என்று பெயர் வைத்தார்.

“பத்து நிமிஷம் போதுமோ?” என்று யோசப்பின் கேட்டார்.

“ஒரு மனுசன் பத்து நிமிஷம் கை வைக்காமல் இருந்தால் அங்கை ஆள் இல்லை அக்கா.”

அந்த வேலை நடந்த நாட்களில் பொன்மலர் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். அவள் கேள்வி கேட்பதே குறைவு.

“என்ன வேலை எண்டு உப்பிடி ஓடித் திரியிறியள்?”

“ஒரு சேர்வர் பூட்டுறன். தையல் வகுப்புக்கு.”

“தையல் வகுப்புக்கு ஏன் பூட்டு?”

அவர் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக நிறையச் சொன்னார். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது, தென்மராட்சிப் பெண்ணுக்கு என்ன நடந்தது, எதை எதை எப்படி மூடினார். புட்டு ஆறியது. தன் வேலையைப் பற்றி அவளிடம் அவ்வளவு நேரம் அவர் கதைத்தது அதுதான் முதல் தடவை.

“அப்ப அங்கை சொல்லுறதை ஆரும் எடுக்கேலாது?”

“ஏலாது.”

“உங்களாலையும் ஏலாதோ?”

“என்னாலையும் ஏலாது. அப்பிடித்தான் கட்டினனான்.”

அது முழு உண்மை அல்ல. கட்டியவனுக்கு எப்போதும் ஒரு வழி இருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லவேண்டிய தேவை அவருக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சொதி விட்டாள்.

கார்த்திகையில் புயல் வரப்போவதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், கடையில் இருந்தவருக்கு நிமலினியிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது.

“அண்ணை, ஒரு பக்கம் முழுக்க அழிஞ்சு போட்டுது.”

“என்னெண்டு போகும்? சேவ் பண்ணேல்லையோ?”

“புது ஆள் அண்ணை. இலக்கம் இன்னும் குடுக்கேல்லை. இலக்கம் இல்லாமல் உங்கடை ஜெயில் எடுக்காதே.”

“குறிப்பை வைச்சிருக்க ஆள் ஓமெண்ட பிறகுதான் இலக்கம். அது யோசப்பின் அக்கான்ரை சட்டம், என்ரையில்லை. சரி, ஏன் பத்து நிமிஷம் தொடாமல் விட்டனீங்கள்?”

“முன்னாலை ஒரு மனுசி அழுதுகொண்டிருக்க நான் விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறதோ?”

அங்கே அது பழக்கம். வந்தவர் ஊர், பிள்ளைகள், நோய் என்று சாதாரணமாகச் சொல்லும்வரை எழுதுவார்கள். குரல் மாறியதும் கையை எடுத்து மடியில் வைத்துவிட வேண்டும். திரையைப் பார்க்கக் கூடாது. ஆள் எழுந்து, முகம் கழுவி, வெறும் தேநீர் குடித்து, ஒழுங்கை திரும்பும்வரை யாரும் விசைப்பலகைக்குப் போவதில்லை. யோசப்பின் அதை அவர்களுக்கு ஆஸ்பத்திரி வார்டுகளில் கற்றதிலிருந்து கற்பித்திருந்தார். செபநாயகத்துக்கு அது தெரியாது. அந்த அறைக்குள் யாராவது இருக்கும்போது அவர் போனதே இல்லை.

“இடைக்கிடை அந்த ஸ்பேஸ் பாரை ஒருக்காத் தட்டிவிடுங்கோ,” என்றார்.

“செத்தவீட்டிலை நிண்டு மணி பாக்கிற மாதிரியோ?”

“பிள்ளை, சேவ் பண்ணாததுக்குச் சேர்வர் அழாது.”

தன் வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது. ரியூசனுக்கு வந்த பொடியன் ஒருவனின் கணினியைக் கழற்றியபடி அதை இன்னொரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் நிமலினி “சரி அண்ணை” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் பொன்மலர் தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வந்தாள். கையில் துணிப்பை இருந்தது. சட்டை தைக்கக் குடுக்கப் போனதாகச் சொன்னாள்.

“குடை எங்கை?”

“பஸ்ஸிலை விட்டிட்டன் போலை.”

“நான் கம்பி கட்டித் தந்த குடையையோ விட்டிட்டு வந்தனீர்? உமக்கு இப்ப என்ன யோசினை?”

அவள் தலையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரை ஒருதரம் நேராகப் பார்த்தாள் என்பது அவருக்கு வெகு பின்னால் நினைவுக்கு வந்தது. ஏதோ சொல்லப்போகிறவள் போல இருந்தாள். அவர் புயல் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாசியில் ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த பொன்மலர் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இல்லை. நெஞ்சு என்றார்கள். பிரேதம் தேவாலயத்தில் வைக்கப்பட்டபோது யோசப்பினும் நிமலினியும் வந்தார்கள். எல்லோரும் அவருடைய கையைப் பிடித்தார்கள். நிமலினி பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதிக நேரம் நின்றாள். அவளுக்கு இரக்க குணம் அதிகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடையைத் திறக்கச் சில வாரங்கள் எடுத்தன. சேர்வரின் பற்றரி கத்துகிறது என்று யோசப்பின் ஆள் அனுப்பிய பிறகுதான் அரியாலைக்குப் போனார். அன்று வருகிறவர்கள் யாரும் இல்லை. சாமான் அறைச் சாவியைத் தேடிப் பின்னறைக்குள் நுழைந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு குடை தொங்கியது.

கறுப்புக் குடை. முறிந்த கம்பியை நீல நிற நெட்வேர்க் வயர்த்துண்டால் சுற்றி, முனையை உள்ளே மடித்திருந்தது. அப்படி மடிக்கிறவர் அவர் மட்டும்தான்.

குடையைத் தொடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பற்றரி கத்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். சேர்வருக்கு முன்னால் கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தார்.

அவள் இங்கே வந்திருக்கிறாள். இந்தப் பெட்டிக்குள் அவளுடைய சொற்கள் இருக்கின்றன. ஜெபசீலனைப் பற்றிச் சொல்லியிருப்பாள். வேறு எதைச் சொல்ல வந்திருப்பாள்? போகச் சொன்னவரைப் பற்றியும் சொல்லியிருப்பாள். தன்னை அவள் குற்றவாளியாக வைத்திருந்தாளா என்பது இத்தனை வருடமும் அவர் கேட்காத ஒரே கேள்வி. அதற்கான பதில் அவருடைய முழங்காலுக்கு எதிரே, ஒரு மின்விசிறியின் இரைச்சலுக்குப் பின்னால் இருந்தது. பெட்டகத்தின் சாவி யோசப்பினிடம் என்றாலும், யோசப்பின் சாவியைப் போடும் கணத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சேர்வரிடம் சொல்லிவைக்க முடியும். ஐந்து வரிக் கட்டளை போதும். யாருக்கும் தெரியாது.

தன் கடவுச்சொல்லை அடித்தார்.

முதலில் பெட்டகத்துக்குப் போகவில்லை. சேர்வர் தன் பாட்டில் எழுதிவைக்கும் நாட்குறிப்பைத் திறந்தார். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது போனார்கள் என்பது மட்டும் அதில் இருக்கும். குடை தொலைந்த நாளை அவருக்கு நன்றாகத் தெரியும், புயலுக்கு முதல் நாள். அன்று பின்னறையில் ஒரே ஒருதரம் திரை திறக்கப்பட்டிருந்தது. நிமலினியின் பெயரில். கொஞ்ச நேரம் எழுதப்பட்டிருந்தது. பிறகு ஒன்றுமில்லை. அதற்குக் கீழே அவரே தமிழில் எழுதிவைத்த வரி கிடந்தது:

கைபடாத நேரம் கடந்தது. இருக்கை அழிக்கப்பட்டது.

அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் நிமலினியின் தாழ்ந்த குரல் மெதுவாகத் திரும்பி வந்தது. புது ஆள் அண்ணை. இலக்கம் இன்னும் குடுக்கேல்லை.

கதவு திறந்தது. நிமலினி நின்றாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

“குடையைக் கண்டிட்டியள்,” என்றாள்.

“ஓம்.”

“கழட்டி வைச்சிருக்கவேணும். ஏதோ மனம் வரேல்லை.”

“அண்டைக்கு நீர் எனக்குப் போன் எடுத்தது...”

“ஓம் அண்ணை.”

“அதுக்குப் பிறகு அவ வரேல்லையோ?”

“அந்த ஒருக்காத்தான். இன்னொரு நாளைக்கு வாறன் எண்டிட்டுப் போனவ.”

“நீர் திருப்பி எழுதேல்லை?”

“ஓம் சொல்லாத ஆளைப் பற்றி, அவ இல்லாத இடத்திலை எழுதப்படாது. உங்களுக்குத் தெரியாதே?”

அவர் வாளியிலிருந்து எழும்பவில்லை. கையைத் தூக்கித் திரையை அணைத்தார்.

“பிள்ளை, நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். ஜெபசீலனை நான் அனுப்பினது...”

“கேக்காதேங்கோ அண்ணை.”

“நீர் கேட்டனீர்தானே. உமக்கு நினைவிருக்கும்தானே.”

“நினைவிருக்கு. சொல்ல மாட்டன்.” அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அவ வந்து கதிரையிலை இருக்கேக்கை முதல் கேட்டதே அதுதான். என்ரை மனுசன் கட்டின பெட்டி, அவராலையும் திறக்கேலாது எண்டவர், உண்மையோ எண்டு. நான் ஓமெண்டு சொன்னனான். அதுக்குப் பிறகுதான் பையைக் கீழை வைச்சவ.”

வெளியே ஒழுங்கையில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அவர் போய்விடுவார் என்று நிமலினி நினைத்திருக்க வேண்டும். அவர் அப்படியே இருந்தார். சொல்லலாமா என்று தனக்குள் கேட்டு முடித்தவளைப் போல, சொன்னாள்:

“அந்தப் பக்கத்திலை கனக்க இல்லை அண்ணை. கொஞ்சம்தான் கதைச்சவ. மிச்ச நேரம் முழுக்கச் சும்மா இருந்தவ. ஒண்டும் சொல்லேல்லை, முதல் கொஞ்சம் அழுதவ, பிறகு அதுவுமில்லை. சும்மா இருந்தவ. நானும் இருந்தனான். அதுக்குத்தான் உங்கடை சேர்வர் ஆள் இல்லை எண்டு நினைச்சது.”

அடுத்த கிழமை யோசப்பின் அவரைக் கூப்பிட்டு, நேரத்தைக் கூட்டலாமா என்று கேட்டார். நிமலினி என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை, யோசப்பினும் சொல்லவில்லை.

“எவ்வளவுக்கு அக்கா?”

“ஆக்கள் எவ்வளவு நேரம் இருப்பினமோ அவ்வளவுக்கு.”

அப்படி ஒரு இலக்கம் சேர்வருக்குக் கிடையாது. அதனால் வேறுவிதமாகச் செய்தார். கை படாமல் நேரம் போனால் திரை மங்கி எழுத்து மறையும், அழியாது. எழுதிக்கொண்டிருந்தவள் எத்தனை நேரத்துக்குப் பின் வந்து தன் கடவுச்சொல்லைப் போட்டாலும் விட்ட இடம் அப்படியே இருக்கும். இலக்கம் இல்லாத பக்கம், அவளே அழிக்கும்வரை அவளுக்கு மட்டும் தெரியும். மாற்றவேண்டியிருந்தது சில வரிகள்தான். முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம். அதையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அதோடு தன் வழியையும் மூடினார். சேர்வரின் முதன்மைக் கடவுச்சொல்லை இரண்டு பாதியாக்கினார். ஒரு பாதியை யோசப்பின் தன் கையால் அடிக்க, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எதுவும் திறக்கும்.

“என்னை நம்பாமலோ?” என்று யோசப்பின் கேட்டார்.

“இல்லை அக்கா. வீட்டிலை சொன்ன சொல்லொண்டு இருக்கு.”

செய்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பின்னறை வெறுமையாக இருந்த ஒரு பின்னேரம் நிமலினியின் கதிரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். எழுதும் பக்கம் வந்தது. என்ன அடிப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து ‘பொன்மலர்’ என்று அடித்தார். பிறகு, அங்கே செய்வது போலவே, கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எதிரே மற்றக் கதிரை இருந்தது. வருகிறவர்கள் இருக்கும் கதிரை. கைபிடியில் வண்ணம் போயிருந்தது. முன்னறையில் ஒரு தையல் மெசின் ஓடி நின்றது. யன்னலுக்கு வெளியே கடல்நீரேரிப் பக்கமிருந்து காற்று வந்து, கதவுக்குப் பின்னால் குடையைச் சுவரில் மெல்ல இடித்தது.

பழைய பத்து நிமிட எல்லை கடந்தது. திரை மங்கியது. பெயர் மறைந்தது.

சோதனை அத்தோடு முடிந்துவிட்டது. கடவுச்சொல்லைப் போட்டுப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். அவர் எழும்பவில்லை. தேநீர் கொண்டுவந்த நிமலினி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, கோப்பையோடு திரும்பிப் போனாள்.